சுடுதண்ணி எதுவரை வரும்?

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில் குளிக்கிற சுடுதண்ணிக்கென்று பொடக்காணியில் தனி அடுப்பு உண்டு. சமையலறைக்கு கேஸ் வந்து வெகுகாலம் ஆன பிறகும் எங்கள் வீட்டில் அந்த அடுப்பு அணையவில்லை. கேஸ் வந்ததும் பெண்கள் புகையிலிருந்து தப்பித்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். பொடக்காணிப் புகையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அமுச்சி காலத்தில் மூன்று கல் அடுப்பும் பெரிய அண்டாவும். நூறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 3,500 கிலோ கலோரி வேண்டும். நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி இருக்கிறது. ஒரு கிலோவே போதும்போலத் தெரியும். ஆனால் திறந்த அடுப்பில் பத்தில் ஒரு பங்கு வெப்பம்தான் பாத்திரத்துக்குள் போகிறது. மீதி காற்றுக்கும், ஊதுகிறவளின் முகத்துக்கும். ஆக, தினமும் எட்டு ஒன்பது கிலோ விறகு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும்போது இன்னும் கூடுதல்.

அம்மாவுக்குக் கல்யாணச் சீராக செம்பு பாய்லர் வந்தது. நடுவில் நெருப்புக்குழாய், சுற்றிலும் தண்ணீர், கீழே திருகு. வெப்பம் வீணாகாமல் தண்ணீருக்குள் இறங்கும். விறகுச் செலவு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. ஆனால் அந்தச் சின்னக் குழாய்க்குள் நுழைய, தென்னை மட்டையைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். தேங்காய்த் தொட்டியை உடைத்துப் போட வேண்டும். ஒருவர் குளித்துவிட்டுப் போனால் மேலே பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சாம்பலை அள்ள வேண்டும், செம்பைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். விறகு மிச்சமானது, அம்மா எழுந்திருக்கும் நேரம் நாலரை மணியாகவே இருந்தது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியான 'மோர் ஒர்க் ஃபார் மதர்' என்ற நூலில் இதைத்தான் ஆராய்கிறார். வீட்டுக்குள் புதுப்புதுக் கருவிகள் வந்தபோது விறகு வெட்டுவது போன்ற ஆண்களின் வேலைகள் ஒழிந்தன, பெண்களின் வேலை குறையவில்லை என்கிறார். எங்கள் வீட்டில் விறகு வெட்டுவதும் அம்மாவின் வேலைதான் என்பதால் அதுகூட ஒழியவில்லை.

பாய்லரை மாற்றலாம் என்று பேச்செடுக்கும்போதெல்லாம் அப்பா சொல்லும் பதில் ஒன்றுதான்: "தோட்டத்துல மட்டை சும்மாதானே கெடக்குது." மட்டை சும்மா கிடந்தது உண்மை. அதைப் பொறுக்கி, வெட்டி, காயவைத்து, எரிக்கிற கைகளும் சும்மா கிடைப்பவை என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை. 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலை செய்யும் இந்தியப் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் கூலியில்லாமல் அதில் செலவிடுகிறாள். அதே வேலையில் ஈடுபடும் ஆணுக்கு 97 நிமிடம்.

மின்சாரத்திலும் ஒரு வரிசை இருந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் அந்த மின்சாரம் கோவையின் பஞ்சாலைகளை வளர்த்தது, பிறகு கிணற்று மோட்டார்களுக்கு வந்தது. இன்று விவசாய மோட்டாருக்குக் கட்டணமே இல்லை. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2,000 வாட் கீசரைத் தினம் ஒரு மணிநேரம் போட்டால் அதுவே 120 யூனிட். அதனால் கீசர் எங்கள் வீட்டில் 'வீண்செலவு' ஆனது.

கடைசியில், அம்மாவுக்கு இருமல் முற்றி, டாக்டர் அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று சொன்ன பிறகுதான் சோலார் வந்தது. மொட்டைமாடியில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், மேலே வெப்பம் வெளியேறாத தொட்டி. பிளம்பர் லைன் இழுக்கும்போது இரண்டு குளியலறைகளோடு நிறுத்திவிட்டார். அப்படித்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அம்மா மாடிக்கே ஏறிப் போனார்.

"ஏனுங் தம்பி, சமையக்கட்டுக்கும் பாத்தரங் கழுவற எடத்துக்கும் ஒரு லைன் இழுத்துடுங்."

"அங்க எதுக்கு? பைப்புச் செலவு தண்டம்," என்றார் அப்பா.

"இத்தன வருசம் நான் எரிச்ச வெறகுக்குக் கணக்குப் போட்டீங்களா? இதுக்கு மட்டும் போடறீங்க."

அம்மா அப்பாவிடம் கணக்குக் கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். லைன் வந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பாய்லர் காலத்தில் முதலில் அப்பா, பிறகு அண்ணன், பிறகு நாங்கள், கடைசியில் வெதுவெதுப்பாக மிஞ்சியதில் அம்மா. சோலார் வந்தும் அதே வரிசைதான். மேகம் மூடிய நாளில் தொட்டியின் சூடு மூன்று பேரோடு தீர்ந்துவிடும். நான்காவதாகக் குளிப்பவருக்குப் பச்சைத் தண்ணீர். கருவி வரிசையை மாற்றாது, நாம்தான் மாற்ற வேண்டும். இப்போது மழைக்காலத்தில் அம்மாதான் முதலில் குளிக்கிறார். அதற்கு ஆறு மாதச் சண்டை தேவைப்பட்டது.

பாத்திரம் கழுவும் இடத்தில் வரும் சுடுதண்ணியை அதிகம் பயன்படுத்துகிறவர் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா. மார்கழியில் விரல் விறைக்காமல் வேலை முடிகிறது என்பார். பேசி முடித்துவிட்டு, எங்களுக்கு இனி வேண்டாத மட்டைகளைக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போவார், தன் வீட்டுச் சுடுதண்ணிக்கு. எங்கள் பொடக்காணிப் புகை ஒழிந்துவிடவில்லை. அரை மைல் தள்ளி அவர் வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

"நீங்களும் ஒரு சின்ன சோலார் போட முடியாதாக்கா?" என்று கேட்டேன்.

"எங்கூட்டு ஓட்டு மேல எதை வெக்கறது அம்மிணி? அதுக்கும் மேல பச்சத்தண்ணித் தொட்டி ஒண்ணு வேணுமாமா. எங்க தெருக் கொழாயில கொடத்துக்கே தண்ணி வரமாட்டேங்குது."