காற்று அடித்துப் போட்டால் போதுமா?

ஆடிக் காற்று வீசத் தொடங்கினால் சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்தில் தேரிமணல் இருந்த இடத்தில் இருக்காது. சாலையில் ஏறும், திண்ணையில் படியும், துவைத்துக் காயப்போட்ட வேட்டியைச் சிவப்பாக்கும். வண்டியின் இன்ஜினுக்குள்ளும் புகப் பார்க்கும். அந்த மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மேலே படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் சிவப்பைத் தருகிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. சிலிண்டரின் வார்ப்பிரும்பு அதற்கு ஈடுகொடுக்காது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு இன்ஜின் 9,000 லிட்டருக்கும் மேல் காற்றை உள்ளிழுக்கிறது. அத்தனை காற்றுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே நிற்பது ஓர் ஏர் ஃபில்டர் மட்டும்தான்.

அழுக்கானதும் தூக்கிப்போடும் பேப்பர் ஃபில்டர் வாங்குவதா, கழுவிக் கழுவிப் போடும் காட்டன் ஃபில்டர் வாங்குவதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பேப்பர் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். காட்டன் அதைப்போலப் பல மடங்கு விலை. ஆனால் வண்டி உள்ளவரை வரும் என்கிறார்கள். குப்பையும் குறையும். தாளில் கணக்குப் போட்டால் இரண்டாவதுதான் லாபம். அந்தக் கணக்கில் ஓர் ஆளை விட்டுவிடுகிறோம் என்று எனக்குப் படுகிறது: அதைக் கழுவப்போகிற ஆளை.

கழுவிப் போடுவது நமக்குப் புதிதில்லை. பழைய டிராக்டர்களில் ஆயில் பாத் ஏர் கிளீனர் இருக்கும். நடுக்குழாய் வழியே கீழிறங்கும் காற்று, அடியிலுள்ள கிண்ணத்து ஆயிலில் மோதி மேலே திரும்பும். கனமான தூசி ஆயிலிலேயே தங்கிவிடும். மிச்சம், ஆயிலில் நனைந்த கம்பிவலையில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த நிலத்தில் ரொட்டவேட்டர் போட்டு ஓட்டிய நாளில், பொழுது சாய்ந்ததும் டிரைவர் கிண்ணத்தைக் கழற்றுவார். அடியில் சேறாகப் படிந்த மண்ணை வழித்துப் போட்டு, டீசலில் அலசி, கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்றி மாட்டுவார். கோட்டுக்கு மேலே போனால் இன்ஜின் ஆயிலை இழுக்கும். கீழே இருந்தால் தூசி தப்பிப் போகும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது அந்த அமைப்பு அவ்வளவாகப் பிடிக்காது என்பதும் உண்மை. இருந்தும் அது பல்லாண்டு உழைத்தது. ஓட்டுகிறவரும் கழுவுகிறவரும் ஒரே ஆளாக இருந்ததுதான் காரணம். கிண்ணத்தில் சேர்ந்த மண்ணைத் தன் கையால் வழித்தவருக்கு, அது உள்ளே போயிருந்தால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

காட்டன் ஃபில்டரும் அதே குடும்பம். 1969-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனத்தால் உலகெங்கும் பெயர் பெற்றது. கம்பிவலைகளுக்கு நடுவே பஞ்சுத்துணி அடுக்குகள், அவற்றில் ஊறிய பிசுபிசுப்பான ஆயில்; தூசியைப் பிடிப்பதில் அந்த ஆயிலுக்குப் பெரிய பங்கு. அதனால் கழுவும் முறை பிசகக் கூடாது. அதற்கென உள்ள திரவத்தில் ஊறவைத்து, சுத்தமான பக்கத்திலிருந்து மெல்லத் தண்ணீர் விட்டு அலசி, சூடு காட்டாமல் காயவைத்து, மடிப்பு மடிப்பாக அளவோடு ஆயில் விட வேண்டும். ஆயில் பரவும்வரை காத்திருக்கவும் வேண்டும். குறைந்தால் அந்த இடத்தில் தூசி நுழையும். மிகுந்தால், காற்றை அளக்கும் சென்சார் உள்ள கார்களில் ஆயில் அதன்மேல் படிந்து தொல்லை தரக்கூடும். சனிக்கிழமை சாயங்காலம், வாசல்வரை வண்டிகள் நிற்கும் ஒர்க்‌ஷாப்பில், ஒரு ஃபில்டர் காய்வதற்காக எந்தப் பையன் காத்திருப்பான்? அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவனுக்கு அந்த நேரத்தை யாரும் கொடுப்பதில்லை.

பேப்பருக்கு வேறு குணம். தாளில் தங்கும் முதல் தூசியே மேலும் ஒரு வடிகட்டியாகி விடுவதால், சற்று ஓடிய பேப்பர் ஃபில்டர் புதியதைவிட நன்றாகப் பிடிக்கும். 99 சதவீதம் பிடிப்பதற்கும் 99.9 சதவீதம் பிடிப்பதற்கும் பெரிய வேறுபாடில்லை என்று தோன்றும். உள்ளே போகும் தூசியைப் பாருங்கள்: முதலாவதில் பத்து மடங்கு.

ஆனால் நம் ஊரில் பேப்பரைப் பேப்பராக இருக்க விடுவதில்லை. "எதுக்கு மாத்தணும் அண்ணாச்சி, காத்து அடிச்சிப் போட்டாப் போதும்லா?" என்று கம்ப்ரசர் குழாயை நீட்டிவிடுவார்கள். தூரத்திலிருந்து லேசாகக் காற்றுக் காட்டலாம் என்று கையேடே சொல்லும் வண்டிகள் உண்டு. இங்கே நடப்பது அதுவல்ல. குழாயைத் தாளோடு ஒட்டிவைத்து முழு அழுத்தத்தில் அடிக்கிறார்கள், தாள் கிழிகிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரியாத ஓட்டையும் சில மைக்ரான் தூசிக்கு வாசல்தான். ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் இருப்பது ஆயில் ஏற்றிய பேப்பர். அதற்குக் காற்றே அடிக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். வாடகைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் சில நூறு ரூபாய் மிச்சமாகிறதே என்று தலையாட்டுகிறார். பின்னால் ரிங் தேய்ந்து, வண்டி ஆயில் குடித்து, நீலப் புகை தள்ளும்போது இன்ஜின் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கடன் வாங்குகிறவரும் அவரேதான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்.

மைலேஜுக்காக அடிக்கடி சுத்தம் செய்கிறோம் என்பார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பிக்கப் குறைந்தது; மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. வரும் காற்றுக்கு ஏற்ப இன்ஜின் கணினியே பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. கார்பரேட்டர் வண்டிக்கு அந்தக் கவலை நியாயம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் இங்கே புது பைக்குகளும் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான்.

ஆகவே என்னைக் கேட்டால், வண்டியை சர்வீசுக்கு விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவருக்குப் பேப்பர்தான். அதைக் கையேடு சொல்லும் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், தேரிக்காட்டிலும் கல்குவாரிச் சாலையிலும் ஓடுகிற வண்டிக்கு இன்னும் முன்னதாகவே. தன் வண்டியைத் தானே கழற்றி மாட்டுகிறவர், ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று ஒதுக்குகிறவர், காட்டன் ஃபில்டரை நம்பி வாங்கலாம். எதை வாங்கினாலும், மாட்டும் முன் ஃபில்டருக்கு அந்தப் பக்கம் இன்ஜினுக்குப் போகும் குழாயின் உள்சுவரில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால், கிழிசலை மட்டும் தேடாதீர்கள். ஓரத்து ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பெட்டியின் கிளிப் இறுகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.