சலங்கையும் உணரியும்

ஆரணிப் பட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறத்தையும் சரிகையையும் சொல்வார்கள். தறிக்கு மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியை யாரும் அதிகம் பேசுவதில்லை. நெசவாளி மிதியை அழுத்தியதும் ஊசிகள் அட்டையைத் தொட்டுப் பார்க்கின்றன. துளை இருந்தால் அதற்குரிய பாவு நூல் எழும், இல்லையெனில் எழாது. எந்த நூல் எப்போது எழவேண்டும் என்பது அட்டையில் முன்பே தீர்மானமாகிவிட்டது. சேலைக்கு அது போதும். மேடைக்குப் போதுமா என்பதே நம் கேள்வி.

நிகழ்கலைகளில் இன்று கம்பியில்லா உணரிகள் புழங்குகின்றன. ஆடுபவரின் கணுக்காலில் கட்டிய சிறு முடுக்கமானி, பாதம் தரையில் மோதுவதை அளந்து வானொலி அலையில் கணினிக்கு அனுப்புகிறது. அளவு வரம்பைத் தாண்டினால் விளக்கு மாறும், ஒலி எழும். நிறுவல் கலையில் பார்வையாளர் அருகே வருவதே குறிப்பாகிவிடுகிறது. 1990களின் இறுதியில் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ஜோசப் பாரடிசோ குழுவினர், பாதத்தின் அழுத்தத்தையும் சாய்வையும் சுழற்சியையும் கம்பியின்றி அனுப்பி இசையாக்கும் நடனக் காலணிகளை உருவாக்கினர்.

இதில் சிக்கல்கள் உண்டு. ஒரே மிதி பலமுறை அதிரும்; ஆகவே முதல் அதிர்வுக்குப் பின் நிரல் சற்று நேரம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதிகம் பொத்தினால் விரைந்த அடவுகள் தொலையும். வரம்பைக் குறைத்தால் வெறும் நடையும் குறிப்பாகும்; கூட்டினால் மெல்லிய அடி தப்பும். ஆளில்லா அரங்கில் ஒழுங்காக இயங்கியது கூட்டம் நிறைந்ததும் தடுமாறலாம். 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையை மனித உடலின் நீர் உறிஞ்சிக்கொள்கிறது. பார்வையாளர்களின் கைபேசிகளும் அதே அலைவரிசையில் இயங்குகின்றன. இவையெல்லாம் பொறியியலால் சமாளிக்கக்கூடியவை. கால் இடறியதா, வேண்டுமென்றே மிதித்ததா என்பதை உணரி எப்படி அறியும்?

ஆரணி இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான், கண்ணப்பத் தம்பிரானால் பெயர்பெற்ற புரிசையும் இருக்கிறது. இவ்வட்டாரத் தெருக்கூத்தில் மிருதங்கக்காரரின் கண் ஆடுபவரின் காலிலேயே இருக்கும். சலங்கைதான் குறிப்பு. ஆனால் சலங்கை ஒலிக்கும்போதெல்லாம் அவர் அடிப்பதில்லை. கட்டியக்காரன் கூட்டத்தின் சிரிப்பைக் கண்டு பேச்சை நீட்டினால் காத்திருக்கிறார். விடியும்வரை நீளும் ஆட்டத்தில் சோர்ந்த கால் தாளத்தைத் தவறவிட்டால், ஓர் அடியைத் தள்ளி வாசித்துச் சேர்த்துக்கொள்கிறார். தவறு நடந்ததே நமக்குத் தெரிவதில்லை.

மேற்கிலும் முன்னோடிகள் இதை உணர்ந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. 1965-இல் நியூயார்க்கில் ஜான் கேஜும் மெர்ஸ் கன்னிங்ஹாமும் 'வேரியேஷன்ஸ் ஃபைவ்' நிகழ்த்தியபோது, மேடையில் நட்ட உணர்கம்பிகளும் ஒளிமின்கலங்களும் ஆடுபவர்களின் அசைவை அறிந்தன. ஆயினும் எந்த ஒலி வெளியே செல்லலாம் என்பதை ஒலிக்கலவைக் கருவியருகே இருந்த இசைஞர்கள் கட்டுப்படுத்தினர்.

கூத்துக்கும் இக்கருவிகள் வரலாம். வரட்டும். சலங்கையின் அதிர்வை விளக்குக்குச் சொல்லவும், கடைசி வரிசைக்குக் கேட்கச் செய்யவும் அவை உதவக்கூடும். ஆனால் செலவைக் குறைக்கவென்று மிருதங்கக்காரரை எழுப்பிவிட்டு, காலசைவுக்குப் பதிவிசை ஒலிக்கும் ஏற்பாட்டைச் செய்தால், நள்ளிரவுக்குப் பின் இடறும் காலைத் தாங்க அங்கே ஒருவரும் இருக்கமாட்டார். அதன்பின் கூத்தாடி தவறாமல் ஆடுவதிலேயே கவனமாக இருப்பார். கூட்டத்தைப் பார்த்து ஆடமாட்டார். நாம் அஞ்சுவது அதைத்தான்.