கல்லும் மலரும்

குறிஞ்சிப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் எவரேனும் தவறாமல் வினவுவதுண்டு: "கபிலர் அடுக்கிக் கூறும் 99 பூக்களுள் ரோசா இல்லையா, ஐயா?" இல்லை என்போம், அது பின்னாளில் வந்த மலர். பின்வந்த விருந்தாயினும் நம் இல்லங்களில் அதற்கு உரிமை மிகுதி. மணவீட்டு வாயிலில் பன்னீர் தெளித்து வரவேற்காவிடில் வருவோர்க்கு மனம் நிறைவதில்லை. நம் உம்மாவின் வெள்ளிப் பன்னீர்ச் செம்பு எத்தனையோ மணவிழாக்களைக் கண்டது. உம்மா மறைந்தபின் பாகப்பிரிவினை நடந்தது. செம்பு நம் பங்கிற்கு வந்தது. தம்பியின் மனம் நம்மைவிட்டுப் போயிற்று. ஒரு சுவரின் எல்லை குறித்து எழுந்த சொல் ஏழாண்டு மௌனமாய் முடிந்தது.

2025 ஏப்ரல் திங்களில் உம்ரா நிறைவேற்ற நாமும் துணைவியாரும் மக்கா சென்றிருந்தோம். தம்பி பணிபுரியும் ஜித்தா அங்கிருந்து தொலைவில் இல்லை. ஆயினும் வந்திருப்பதை அவனுக்கு அறிவித்தோமில்லை. துணைவியார் இருமுறை நினைவூட்டினார். இருமுறையும் நாம் வேறு பேச்சுக்குத் தாவினோம்.

உடன்வந்த குழுவினர் ஒருநாள் தாயிஃப் நகர் காணப் புறப்பட்டனர். மக்காவின் வெப்பத்தைப் பின்னே விட்டு, சரவாத் மலைத்தொடரில் மடிந்து மடிந்து ஏறும் ஹதா சாலையில் பேருந்து சென்றது. பாதையோரத்தில் பபூன் குரங்குகள் குட்டிகளுடன் அமர்ந்து எம் வண்டியை நோட்டமிட்டன. மேலே சென்றதும் காற்றுக் குளிர்ந்தது. கடல்மட்டத்திற்கு மேல் 1,700 மீட்டருக்கும் உயரத்தில் அமைந்த நகரம் அது. மாதுளையும் திராட்சையும் விளையும் அம்மலைநாடு, பாலைநிலம் பற்றி நாம் கொண்டிருந்த எண்ணத்தையே மாற்றியது.

நகரின் புகழெல்லாம் அதன் ரோசாவுக்கே உரியது. மார்ச்சு, ஏப்ரல் திங்கள்களில் சில வாரங்களே பூக்கும் இளஞ்சிவப்பு மலர். வெயில் ஏறினால் மணம் குன்றுமாதலால் வைகறையிலேயே கொய்துவிடுகின்றனர். வாலை வடிக்கும் கூடம் ஒன்றைக் கண்டோம். பெரிய செப்புக் கலங்களில் மலரும் நீரும் கொதிக்கின்றன; எழும் ஆவி குழாய்வழிச் சென்று, குளிர்நீர்த் தொட்டியைக் கடந்து கண்ணாடிக் குடுவையில் சொட்டுகிறது. கீழே தங்குவது பன்னீர். மேலே மெல்லிய படலமாய் மிதப்பதே அத்தர். ஒரு தோலா, அதாவது 12 கிராமுக்கும் சற்றுக் குறைந்த அத்தருக்கு, 10,000க்கும் மேற்பட்ட பூக்கள் வேண்டுமாம்! இம்மலரைச் சார்ந்த தொழிலையும் மரபையும் யுனெஸ்கோ 2024இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துள்ளது. சிறு குப்பி ஒன்றை வாங்கிக்கொண்டோம்.

ஆயின் அம்மணத்தினூடே நெஞ்சை உறுத்தியது வேறொன்று. இவ்வூரன்றோ அண்ணல் நபி (ஸல்) அவர்களைக் கல்லெறிந்து விரட்டியது! துணைவியாரையும் பெரிய தந்தையையும் இழந்த துயரோடு ஆதரவு நாடி வந்தவர்மீது ஊர்ச்சிறுவரையும் கயவரையும் ஏவினர் தலைவர்கள். காலணிகள் குருதியால் நனைந்தன. தோட்டம் ஒன்றில் ஒதுங்கியவர்க்குத் திராட்சைக் குலை கொணர்ந்து தந்தவர் அத்தாஸ் எனும் கிறித்தவ அடிமை ஒருவரே. உஹதுப் போரினும் கடுமையான நாளாக அதனை அண்ணலார் பின்னர்க் குறிப்பிட்டதாக ஹதீஸ் கூறும். மலைகளைக் கொண்டு நசுக்கட்டுமா என வானவர் வினவியபோது அவர்கள் இசையவில்லை; இவர்களின் வழித்தோன்றல்களேனும் இறைவனை வணங்குவர் என்றே நம்பினார்கள். ஏறத்தாழப் பத்தாண்டுகளில் தாயிஃப் இசுலாத்தை ஏற்றது. லெபனான் உள்நாட்டுப் போருக்கு முடிவுகட்டிய 1989 உடன்பாடும் இந்நகரில் உருவானதே.

குருதி சிந்தச் செய்தவரையே பொறுத்த வரலாற்றை மேடைதோறும் உருக்கமாகப் பேசியவர் நாம். ஒரு முழச் சுவரைப் பொறுக்க நமக்கு இயலவில்லை. பிழை முழுதும் தம்பியுடையதென்று இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தோம். அன்று அவ்வாறு எண்ணக் கூடவில்லை.

திரும்பும் வழியில் வாதி மஹ்ரமில் மீண்டும் இஹ்ராம் பூண்டோம். தையலற்ற இரு துணிகளில் நிற்பவனுக்குச் சுவர் ஏது, எல்லை ஏது? பேருந்தில் அமர்ந்தவாறே தம்பிக்குத் தொலைபேசியில் பேசினோம். மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. பிறகு, "காக்கா, எங்கே இருக்கிறீர்கள்?" என்றான்.

இஹ்ராம் நிலையில் நறுமணம் பூசலாகாது. ஆதலின் குப்பி திறவாமலே இருந்தது. உம்ரா முடித்து முடி களைந்தபின், நள்ளிரவில் தேடிவந்த தம்பியின் கையில்தான் அதனை முதன்முதலாகத் திறந்தோம். முகர்ந்தவன், "உம்மாவின் செம்பு மணக்கிறது" என்றான். அதற்குமேல் இருவரும் பேசினோமில்லை.

அச்செம்பு இப்போது அவன் இல்லத்தில் இருக்கிறது. அவன் மகளின் திருமணத்தன்று வாயிலில் அதனை ஏந்தி, வந்தோர்க்குப் பன்னீர் தெளித்தவர் நாமே.