தாங்கும் கருவி

மாணவர்களே! கோயம்புத்தூர் அவினாசி சாலையில் பழைய கார்களைப் போற்றி வைத்துள்ள அருங்காட்சியகம் ஒன்று உண்டு. 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அங்குச் செல்லும்போதெல்லாம், அக்கார்களுக்குத் துணை நின்ற சிறு கருவி ஒன்று என் நினைவிற்கு வரும். அதனை ‘ஜாக்கி’ என்பர்.

சரளைக்கல் சாலைகளில் சக்கரம் பஞ்சராவது அந்நாளில் வழக்கம். அப்பொழுது தனியொருவர் காரை உயர்த்த உதவியது ஜாக்கியின் திருகே. கைப்பிடியைப் பலமுறை சுற்றினால் திருகு சிறிதளவே உயரும். ஆனால், சிறு விசை பெரும் பாரத்தைத் தூக்கும். கையை எடுத்த பின்னரும் மரைகளுக்கிடையே உள்ள உராய்வு அதனை இறங்கவொட்டாமல் தடுக்கும்.

1970-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் பீளமேட்டிலிருந்த என் மாமனுடைய பட்டறைக்குச் சென்றிருந்தேன். செல்வர் ஒருவர் தம் பழைய காரின் ஜாக்கியைப் பழுது பார்க்கத் தந்திருந்தார். மாமன் அதன்மீது, அக்கார் தரும் பாரத்தினும் மிகுதியாக இரும்புப் பாளங்களை ஏற்றி உயர்த்தினார், கைப்பிடியைக் கழற்றினார், உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்தார். பின்னர் எங்களை உணவுண்ண அழைத்துச் சென்றார்.

திரும்பி வந்து பார்த்தபோது ஜாக்கி ஒரு நெல்மணிக் கனம் இறங்கியிருந்தது. “நன்றாகத்தானே தூக்குகிறது? கொடுத்துவிடுங்கள்” என்றார் செல்வர்.

“தூக்குதுங்க, நிக்கலீங்களே! அடியில படுக்கறது உங்க டிரைவரு இல்லீங்களா?” என்றார் மாமன்.

அப்பொழுதுதான் அவருடைய இடக்கையை நான் உற்று நோக்கினேன். அதில் இரு விரல்கள் இல்லை. இளமையில், சோதியாத ஜாக்கி ஒன்றை நம்பிக் காரின் கீழே கைந்நீட்டியதன் விளைவு அது என்று அத்தை பின்னர்க் கூறினார்.

தேய்ந்த மரையை நீக்கிப் புதிய வெண்கல நட்டைப் பொருத்தி, மறுநாளும் அவ்வாறே சோதித்தார் மாமன். குறி அசையவில்லை. அதன் பின்னரே ஜாக்கியைக் கொடுத்தார், கொடுக்கும்போதும், “இதை மட்டும் நம்பாதீங்க, அடியில கட்டை வெச்சுட்டுப் படுக்கச் சொல்லுங்க” என்றார்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை கருவி செய்வீர்கள். சிலர் பாலம் கட்டுவீர்கள். உங்கள் கைவேலையை நம்பி, முகமறியாத ஒருவர் அதன் கீழே நிற்பார். அவரை நினைந்து சோதித்துப் பாருங்கள்.