ஈவும் மீதியும்

அப்பாவின் குறிப்பேட்டில் இரண்டே பத்திகள்: தேதி, வரவு. நூற்பாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த வருங்கால வைப்புநிதியில் இரண்டு இலட்சம் ரூபாயை, என் சொல்லை நம்பி, ஈவுத்தொகை வழங்கும் ஓர் ஈ.டி.எஃப்.பில் இட்டார். பல நிறுவனங்களின் பங்குகளைத் தொகுத்து வைத்திருந்து, தானும் ஒரு பங்கைப் போலவே சந்தையில் விலைபோகும் நிதியம் அது. ஒவ்வொரு முறை ஈவு வந்தபோதும் நீல மையில் எழுதிவைத்தார். இரண்டு ஆண்டுகளில் வந்தது 18,000 ரூபாய்.

அந்த நிதியத்தை நான் தேர்ந்த விதத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நிதியங்களின் பட்டியலை ஈவு விகிதப்படி இறங்குவரிசையில் அடுக்கினேன். 6 சதவீதத்துடன் முதலில் நின்றதை எடுத்தேன். ஆய்வேட்டில் ஒரு சொல்லின் பொருளை நிறுவப் பத்துச் சான்றுகள் தேடுபவள், அப்பாவின் பணத்துக்கு ஒற்றை எண்ணை நம்பினேன்.

ஈவு விகிதம் ஒரு பின்னம். மேலே கடந்த ஓராண்டில் வழங்கிய ஈவு. கீழே இன்றைய விலை. 100 ரூபாய் அலகுக்கு 4 ரூபாய் ஈவு என்றால் 4 சதவீதம். விலை 50 ரூபாயாகச் சரிந்தால், ஒரு காசுகூடக் கூடுதலாகத் தராமலே அது 8 சதவீதமாகிவிடும். அமெரிக்காவில் 1993 ஜனவரியில் தொடங்கி இன்றும் காலாண்டுதோறும் ஈவு வழங்கிவரும் எஸ்பிடிஆர் எஸ் அண்ட் பி 500 நிதியமே இதற்குச் சான்று. 2009 மார்ச்சில் சந்தை அடிமட்டத்தைத் தொட்டபோது அதன் ஈவு விகிதம் 3 சதவீதத்தைத் தாண்டி நின்றது. ஆனால் அந்த ஆண்டு அது உண்மையில் வழங்கிய தொகையோ முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உயர்ந்த விகிதம் சில வேளை வளத்தின் அடையாளம். சில வேளை காய்ச்சலின் அளவு.

மொழியியல் மாணவி என்பதால் சொல்லின் பக்கம் திரும்பினேன். ஆங்கிலத்தின் 'டிவிடெண்ட்' இலத்தீனிலிருந்து வந்தது. பகுக்கப்பட வேண்டியது என்று பொருள். கணக்குப் பாடத்திலும் அது வகுபடும் எண்ணையே குறிக்கிறது. தமிழின் 'ஈவு' வகுத்தபின் கிடைக்கும் விடை. ஆங்கிலச் சொல் குவியலைப் பார்க்கிறது. நம் சொல் கைக்கு வந்ததைப் பார்க்கிறது. போதாக்குறைக்கு அதன் வேர் 'ஈ'. கொடை என்ற எண்ணத்தை அது தானே கொண்டுவந்துவிடுகிறது. ஆனால் ஈவுக்குரிய நாளில், வழங்கும் தொகையளவுக்கு நிதியத்தின் மதிப்பு இறங்குகிறது. நிறுவனங்கள் ஈட்டிய இலாபம் உண்மைதான். அது விலைக்கு மேல் வந்த கொசுறு அன்று, விலைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

இந்தச் சொற்பிழையைச் செபி உணர்ந்திருந்தது. பரஸ்பர நிதிகளில் 'டிவிடெண்ட்' என்றிருந்த தெரிவின் பெயரை 2021 ஏப்ரல் 1 முதல் மாற்றச் செய்தது. வருமானப் பகிர்வும் மூலதனத்தைத் திரும்ப எடுத்தலும் சேர்ந்தது என்பது புதிய பெயரின் பொருள். நாவில் புரளாத பெயர். ஆனால் பொய் சொல்லாத பெயர். முதலீட்டாளருக்கு அவருடைய மூலதனத்தின் ஒரு பகுதியும் திரும்பி வரக்கூடும் என்பதை ஓர் ஒழுங்குமுறை அமைப்பு பெயரிலேயே எழுதவைத்த அரிய நிகழ்வு அது.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது, குறிப்பேட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி வரைந்தேன்: அன்றைய மதிப்பு. 1,62,000 ரூபாய். ஈவையும் சேர்த்தால் 1,80,000. முதலாண்டு 11,000 ஆக இருந்த ஈவு, இரண்டாம் ஆண்டில் 7,000 ஆகியிருந்ததையும் காட்டினேன்.

நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு அப்பா கேட்டார்: "அப்போ நம்ம காசத்தான் நமக்கே குடுத்திருக்காங்களாம்மா?"

"முழுசா அப்படி இல்லப்பா. கொஞ்சம் லாபம், கொஞ்சம் நம்ம காசு. நான் சரியாப் பாக்கல."

அவர் கடிந்துகொள்ளவில்லை. பேனாவை எடுத்து, மூன்றாவது பத்தியின் தலைப்பில் 'மீதி' என்று எழுதினார். நான்காம் வகுப்பில் எனக்கு வகுத்தல் கற்பித்தவர் அவர். ஈவை மட்டும் எழுதிவிட்டு எழுந்தால், மீதியையும் எழுதச் சொல்லி உட்காரவைப்பார்.

பெற்றோரின் ஓய்வூதியப் பணத்துக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இருக்கும் ஆய்வு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விகிதத்தைப் பார்க்குமுன், அலகு ஒன்றுக்கு ஆண்டுதோறும் எத்தனை ரூபாய் வழங்கப்பட்டது என்ற வரலாற்றைப் பத்தாண்டுக்கேனும் பாருங்கள். அதன் அருகிலேயே விலையையும் எழுதிக்கொள்ளுங்கள்.