இரண்டு குருத்துவங்கள்

"ஏனுங் சாமி, பெரிய கல்லையும் சின்னக் கல்லையும் ஒண்ணாப் போட்டா எது மொதல்ல உழுமுங்?"

குருப்பட்டம் பெற்று, ஈரோட்டை அடுத்த சிற்றூர் ஒன்றிற்கு உதவிப் பங்குத்தந்தையாக நான் வந்த முதல் ஆண்டு. மறைக்கல்வி வகுப்பு முடிந்து, கோயிலுக்குப் பின்னாலிருந்த வற்றிய கிணற்றைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றிருந்தனர். கேட்டவனுக்குப் பத்து வயதிருக்கும்.

"பெரியதுதான். இதிலென்ன ஐயம்?" என்றேன்.

"ரெண்டும் ஒரே சத்தமாத்தானுங் கேக்குது."

"குருவானவரிடம் எதிர்த்துப் பேசாதே" என்று கடிந்துகொண்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். அவன் தலைகவிழ்ந்தான்.

பள்ளியில் இயற்பியல் படித்தவன்தான் நானும். ஆயினும் அதன்மேல் குருமடத்து மெய்யியல் கனமாகப் படிந்திருந்தது. இயங்குவது எதுவும் பிறிதொன்றால் இயக்கப்படுகிறது என்பதிலிருந்தே புனித தோமா அக்குவினார் இறைவனுக்குச் சான்று காட்டத் தொடங்குகிறார். அவருக்கு ஆசான் அரிஸ்டாட்டில். எடை மிகுந்தது விரைந்து விழும் என்றும், வில்லை விட்ட அம்பைக் காற்றே தள்ளிச் செல்கிறது என்றும் சொன்னவர் அவர்.

சில வாரங்கள் கழித்து, கணாதர் பெயரால் வழங்கும் வைசேடிக சூத்திரத்தின் விளக்கம் ஒன்று என் கைக்கு வந்தது. இத்தரிசனம் நமக்கு அந்நியமானதன்று. மணிமேகலை வஞ்சி மாநகரில் கேட்டறியும் சமயங்களுள் வைசேடிகமும் ஒன்று. (அவ்வஞ்சி நம் பக்கத்துக் கரூரே என்பாரும் உளர், கொடுங்கல்லூர் என்பாரும் உளர்.) அந்நூல் எடுத்துக்கொண்ட உவமைதான் என்னை ஈர்த்தது: உலக்கை! என் தாயார் கம்பு இடித்த உலக்கை கண்முன் வந்தது. கையின் முயற்சியால் உலக்கை எழுகிறது. பற்று நீங்கினால் தன் கனத்தால் விழுகிறது. அம்பும் அப்படியே. வில்லின் உந்துதலால் கிளம்பி, தன்னுள் பதிந்த வேகத்தால் தொடர்ந்து செல்கிறது. அவ்வேகம் தீர்ந்ததும் கனத்தால் வீழ்கிறது. காற்றுக்கு அங்கே வேலையில்லை.

அந்தக் கனத்திற்கு அந்நூல் இட்ட பெயர் 'குருத்துவம்'. படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு நாணம் வந்தது. அன்று அச்சிறுவன்மீது நான் போட்டது எந்தக் குருத்துவம்?

எனினும் எது முந்தும் என்பதற்கு அங்கே விடையில்லை. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் பிலோப்போனுஸ், மிகவும் ஏற்றத்தாழ்வான இரு எடைகளை ஒரே உயரத்திலிருந்து விட்டாலும் நேர வேறுபாடு மிகச் சிறிதே என்று எழுதிவைத்தார். 1638இல் வெளிவந்த நூலில் கலிலேயோ ஒரு கல்லைக்கூட எறியாமல் வாதாடுகிறார்: பெரிய கல்லோடு சிறிய கல்லைக் கட்டிவிடுங்கள். சிறியது மெதுவாக விழுவதானால் பெரியதை அது பின்னிழுக்க வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்தது தனிக்கல்லைவிடக் கனமானது. ஆகவே இன்னும் விரைந்து விழ வேண்டும்! இரண்டும் எப்படிப் பொருந்தும்? அரிஸ்டாட்டிலை மடக்க இவ்வளவு போதும். எனக்கு அதுவும் போதவில்லை.

அன்றிரவு செபம் முடிந்தபின், யாரும் பார்க்காத வேளையில் கிணற்றடிக்குப் போனேன். ஒரு கையில் அம்மிக்குழவி அளவில் ஒரு கல், மறு கையில் நெல்லிக்காயளவு. ஒருசேர விட்டேன். முதல் வினாடியில் 16 அடி, இரண்டு வினாடியில் 64 அடி என்பது கணக்கு. ஏறத்தாழ இரண்டு வினாடி சென்றிருக்கும். 'தட்' என்று ஒரே ஓசை. மூன்று முறை விட்டேன். மூன்று முறையும் அப்படியே.

அடுத்த ஞாயிறு அவன் வகுப்புக்கு வரவில்லை. பனியன் கம்பெனி வேலை கிடைத்து, குடும்பமே திருப்பூருக்குப் போய்விட்டதாகக் கோயில்பிள்ளை சொன்னார். மற்றப் பிள்ளைகளிடம், "அன்று அவன் சொன்னதே சரி, சாமி சொன்னது தவறு" என்றேன். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. கேட்க வேண்டியவன் அங்கே இல்லை.