கமாவில் உடைந்த பெயர்கள்

பள்ளிக்கூட அலுமாரியின் அடித்தட்டில், உடைந்த சுருதிப்பெட்டிக்கும் பேச்சுப்போட்டிக் கிண்ணங்களுக்கும் இடையில் அந்தச் சீடி கிடந்தது. போன மாசியில் துப்புரவு செய்யும்போது கண்டெடுத்தேன். 'மலர் 2003. பெயர்ப் பட்டியலும் இதில்' என்று கறுப்பு மார்க்கரால் எழுதியிருந்தது. என் கையெழுத்து.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போதைய மடிக்கணினிகளில் சீடி போட வாயே இல்லை. மகள் யாரிடமோ கேட்டு, வெளியில் செருகும் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே இரண்டு கோப்புகள். பட்டியல் வெறும் உரைக்கோப்பு, உடனே திறந்தது. மலர், அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளோடு சேர்த்துக் கொடுத்த மலிவான மென்பொருள் ஒன்றில் செய்தது. ஆண்டுக்காண்டு காசு கட்டி நான் வைத்திருக்கும் மென்பொருள் அதைத் திறக்க மறுத்துவிட்டது. மகள் லிப்ரே ஒஃபிஸை இறக்கினாள். அதில் திறந்தது. ஆனால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

"இதென்னப்பா, பழுதாப் போச்சோ?"

பழுதாகவில்லை. அது பாமினி.

பாமினி எழுத்துருவை அறியாத ஈழத்தமிழர் வீடு அந்த நாளில் லண்டனில் இருந்திருக்காது. கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டி அழைப்பு, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் பாமினியில்தான். அதில் தமிழ் எழுத்துக்குத் தனி இடம் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் முகத்தில் தமிழை ஒட்டிவைத்த ஏற்பாடு அது. 'அம்மா' என்று தட்டினால் கணினி தன் நினைவில் வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளைத்தான். எழுத்துரு இருக்கிற கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் ஒன்றுமேயில்லை.

2003இல் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஈஸ்ட் ஹாமில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. பின்பக்கத்தில் கதிரைகள் அடுக்கிவைக்கும் சிறு அறை ஒன்று. எங்கோ மூடப்பட்ட அலுவலகம் கழித்துவிட்ட இரண்டு கணினிகளை அங்கே வைத்திருந்தோம். ஒரு பெற்றார் கையில் ஒரு சீடியோடு வந்தார். ஒஃபிஸ் முழுவதும் அதில் இருந்தது, திறவுகோல் எண்ணைச் சீடியின் மேலேயே எழுதியிருந்தார். உதவத்தான் கொண்டுவந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று லண்டனில் எத்தனையோ தமிழ் வீடுகளில் அப்படியான சீடிதான் சுற்றிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்குவதா, இலவசமா என்று பேசுகிறவர்கள் இந்த மூன்றாவது வழியைச் சொல்வதில்லை. எங்களுக்கு முதலில் வந்தது அதுதான்.

ஐந்தாம் வகுப்பு ரீச்சர் அதைத் தொடக்கூட இல்லை. "அண்ணை, களவெடுக்கக் கூடாது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கிற இடம் இது. களவெடுத்த சாமானிலை வினாத்தாள் அடிச்சுக் குடுக்க என்னாலை ஏலாது." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனாலேயே யாரும் மறுத்துப் பேசவில்லை.

பொருளாளர் கணக்குப் போட்டார். இரண்டு கணினிக்கும் முறையாக வாங்குகிற காசு ஒரு தவணை மண்டப வாடகைக்குக் கிட்ட வரும். வாடகைக்கே பிட்டும் சம்பலும் விற்றுக் காசு சேர்த்த காலம். அப்போதுதான் நான் சஞ்சிகை ஒன்றோடு இலவசமாக வந்த சீடியைப் பற்றிச் சொன்னேன். சொற்செயலி, விரிதாள் எல்லாம் அதில் உண்டு, எத்தனை கணினியிலும் போடலாம், யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். "சும்மா தாறதிலை என்ன விசயம் இருக்கும்?" என்று ஒருவர் கேட்டார். எனக்கும் அன்று விடை தெரியாது.

பிறகு தேடிப் படித்தேன். ஜெர்மனியில் மார்க்கோ பேரீஸ் என்ற பையன் பதின்ம வயதில், 1985இல், தொடங்கிய ஸ்டார் டிவிஷன் என்ற சிறு நிறுவனத்தின் பண்டம் அது. 1999இல் அமெரிக்காவின் சன் நிறுவனம் அதை வாங்கியது. தன் ஊழியர்களுக்கெல்லாம் உரிமம் வாங்குவதைவிட அந்தக் கம்பனியையே வாங்குவது மலிவு என்று கணக்குப் பார்த்ததாக சன்னில் இருந்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டே அதன் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். அந்தச் சீடியில் இருந்த ஓப்பின் ஒஃபிஸ் பிறந்தது அப்படி. 2010இல் அதிலிருந்து பிரிந்து வந்தவர்கள் லிப்ரே ஒஃபிஸைத் தொடங்கினார்கள். மகள் இறக்கியது அந்த வாரிசைத்தான்.

மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது பார்க்கிங் ரோட்டில் டவுன் ஹோல் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டித்தான் வருவேன். 1903இல் திறந்த செங்கல் கட்டடம். ஈஸ்ட் ஹாமும் வெஸ்ட் ஹாமும் 1965இல் சேர்ந்து நியூஹாம் ஆனபோது புதிய கவுன்சிலுக்கும் அதுவே வீடாயிற்று. நாங்கள் கதிரை அறையில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் நியூஹாம் கவுன்சிலும் இதே கேள்வியோடு இருந்தது என்பதைச் செய்தியில் பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை. மைக்ரோசொஃப்டிலேயே தொடர்வதா, லினக்ஸுக்கும் ஓப்பின் ஒஃபிஸுக்கும் மாறுவதா? திறந்த மென்பொருள் பக்கம் ஒரு ஆலோசனை நிறுவனம் பரிசீலனை செய்தது. மறுபக்கம் மைக்ரோசொஃப்டின் செலவில் கப்ஜெமினி ஆய்வு செய்தது. மைக்ரோசொஃப்டே மேல் என்று முடிவாகி, 2004 ஓகஸ்டில் பத்து ஆண்டு உடன்பாடு அறிவித்தார்கள்.

அன்று எனக்குக் கோபம். எங்கள் வரிப்பணம் என்று வீட்டில் கத்தினேன். இன்று அந்தக் கோபம் அப்படியே இல்லை. வீட்டு வாடகை, உதவிப்பணம், முதியோர் பராமரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் வைத்திருக்கும் சபை அது. அந்த நிரல்கள் பல ஒஃபிஸோடு பின்னிக்கிடக்கும். ஒன்றை இழுத்தால் மற்றது அவிழும். ஆட்களுக்குத் திரும்பப் பயிற்சி கொடுக்கவேண்டும். இலவசமாக வருவது மென்பொருள் மட்டும்தான், மாறுகிற வேலைக்குக் கூலி உண்டு. ஆனாலும் ஒன்று சொல்வேன். மேசையில் இலவசம் என்று ஒன்று இருந்ததால்தான் அவர்களால் விலை பேச முடிந்தது. அதை எழுதிக்கொடுத்த முகம் தெரியாத ஆட்களுக்கு, அதைப் பாவிக்காத நியூஹாமும் கடன்பட்டிருக்கிறது.

மியூனிக் நகரம் மறுபக்கம் போனது. அங்கே 2003இல் நகரசபை லினக்ஸுக்கு மாறுவது என்று தீர்மானிக்கும் முன், மைக்ரோசொஃப்டின் அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மரே நேரில் போய் மேயரைச் சந்தித்தார். நகரசபை அசையவில்லை. ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடிக்க 2013 ஆகிவிட்டது. 2017இல் திரும்பவும் விண்டோஸுக்குப் போவது என்று தீர்மானம். இதை வைத்து இலவசம் தோற்றது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு பெரிய நகரம் அத்தனை ஆண்டுகள் அதில் வேலை செய்து காட்டியது.

எங்கள் கதிரை அறைக்குள் அந்த இலவசச் சீடிதான் வந்தது. வந்த முதல் தவணையிலேயே சிக்கல். வீட்டில் ஒரு மென்பொருளில் செய்த சான்றிதழ் இங்கே திறக்கும்போது கட்டம் நகர்ந்து, அதிபரின் கையெழுத்துக் கோடு அடுத்த பக்கத்துக்கு ஓடியது. அச்சகக்காரருக்கோ தான் பாவிக்கிற வடிவத்தில்தான் கோப்பு வேண்டும். ஆகவே மலரை மட்டும் என் வீட்டுக் கணினியில் செய்தேன், பாமினியில், விடியற்காலை இரண்டு மணிவரை விழித்திருந்து.

ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று அம்மம்மாவைப் பற்றி எழுதியிருந்தது. 'அம்மம்மா நல்லூரில் இருக்கிறா' என்று தொடங்கும். சொற்செயலிக்கு ஒரு வழக்கம் உண்டு. வசனத்தின் முதல் எழுத்து சிறியதாக இருந்தால், கேளாமலே பெரிய எழுத்தாக மாற்றிவிடும். ஆங்கிலத்துக்கு அது உதவி. பாமினியில் சின்ன எம் அகரம், பெரிய எம் ஆகாரம். 'ஆம்மம்மா' என்று 200 பிரதியில் அச்சாகிவிட்டது. மலர் வெளியீட்டன்று அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, பக்கத்தைத் திறந்து காட்டி, "நான் இப்பிடி எழுதேல்லை மாமா" என்றது. அழவில்லை. தன் பெயருக்கு மேல் ஒரு பிழை நிற்பதை ஒன்பது வயதில் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த முகம் எனக்கு இன்னும் போகவில்லை.

எந்த மென்பொருள் என்ற கேள்விக்குக் கீழே இன்னொரு கேள்வி கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் தட்டுவது தமிழா, தமிழ் மாதிரித் தோன்றும் ஆங்கிலமா?

யுனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு அது கைக்கு வந்தது. காசுக்கு விற்கிறவர்களும் தமிழுக்குச் செய்திருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் எங்களைப் போன்றவர்களைப் பாமினியிலிருந்து இழுத்து வெளியே எடுத்தது எ-கலப்பை போன்ற இலவசத் தட்டச்சு நிரல்களும், பழைய எழுத்துருவை யுனிகோடுக்கு மாற்றித் தரும் சுரதாவின் பொங்குதமிழ் போன்ற கருவிகளும்தான். வேலை முடிந்து வந்து இரவில் செய்து, யாரிடமும் காசு கேளாமல் கொடுத்தார்கள்.

2005 ஏப்ரலில் இந்திய அரசு தமிழ் மென்பொருள்களை ஒரு குறுவட்டில் இலவசமாக வெளியிட்டது. அந்தக் கோடையில் சென்னைக்குப் போய்வந்த பெற்றார் ஒருவர் அதை எங்களுக்குக் கொண்டுவந்தார். ஓப்பின் ஒஃபிஸ் தமிழில் இருந்தது. திரையின் மேலே 'கோப்பு', 'தொகு', 'பார்வை'. அதுவரை தமிழ் என்றால் கொப்பியிலும் கரும்பலகையிலும் மட்டும் கண்ட பிள்ளைகள் கணினியைச் சுற்றி நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். "கோப்பி எண்டு ஏன் போட்டிருக்கு?" என்று ஒரு பொடியன் கேட்டான். ரீச்சர் 'பு'வையும் 'பி'யையும் அந்தத் திரையில் வைத்தே படிப்பித்தா. விலை கொடுத்தோ கொடாமலோ, ஒரு மென்பொருளிலிருந்து நான் பெற்ற ஆகப் பெரிய சந்தோசம் அந்த அரைமணி நேரம்.

அடுத்த வருசம் செயலாளரின் கணினிக்கு மட்டும் ஒரு உரிமம் முறையாக வாங்கினோம், அச்சகத்துக்காக. மற்றதில் இலவசம். அந்தக் கலவையோடு நீண்ட காலம் ஓடியது. 2020இல் மண்டபம் பூட்டியபோது எல்லாம் இணையத்துக்குப் போனது. ஒரு தொண்டர் தன் சொந்தக் கணக்கில், காசில்லாத சேவை ஒன்றில், வரவுப் பதிவேட்டைத் திறந்து எல்லோருக்கும் பகிர்ந்தார். நல்ல மனிதர். பிறகு வேறு நாட்டுக்குப் போனார், அந்தக் கணக்கும் பாவனையில் இல்லாமல் போனது. இரண்டு ஆண்டுப் பதிவேடு எங்கள் கையில் இல்லை. எடுத்துக் கொடுக்கக்கூடிய இலவசமும், பார்க்க மட்டும் விடுகிற இலவசமும் ஒன்றல்ல. இதைப் பள்ளிக் கூட்டத்தில் நான் மூன்று தரம் சொல்லியிருக்கிறேன்.

பிரித்தானிய அரசு 2014இல், தன் அலுவலகங்கள் பகிர்ந்து திருத்தும் ஆவணங்களுக்குத் திறந்த ஆவண வடிவத்தையே விதித்தது. அரசு எந்த மென்பொருளை வாங்கவேண்டும் என்று அதில் சொல்லவில்லை. எந்த வடிவத்தில் சேமிக்கவேண்டும் என்றுதான் சொன்னது. எங்களுக்கு 2003இல் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

மகள் இப்போது அதே பள்ளியில் இளையோர் வகுப்பு எடுக்கிறாள். புதிதாக வந்த நான்கு மடிக்கணினிக்கு எதைப் போடுவது என்று என்னைக் கேட்டாள். லிப்ரே ஒஃபிஸ் போதும் என்றேன். செயலாளருக்குக் காசு கட்டுவதுதான் வசதி என்றால் வாங்கிக்கொடுங்கள், அவவின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் விலை உண்டு. ஆனால் தட்டுவது யுனிகோடில் இருக்கட்டும், ஒவ்வொரு தவணை முடிவிலும் திறந்த வடிவத்தில் ஒரு பிரதி பள்ளியின் கையில் இருக்கட்டும்.

"அப்ப இந்தச் சீடி?" என்றாள்.

மலரை மாற்றியில் போட்டோம். அம்மம்மா கட்டுரை வந்தது, ஆகாரத்தோடேயே வந்தது. அழித்து அகரம் போட்டேன்.

பட்டியல்தான் கடினம். 112 பிள்ளைகள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாடு, இடையில் கமா. பாமினியில் 'இ' எழுத்தைத் தட்டுவதும் கமாவில்தான். அன்று அதை விரிதாளுக்குள் இழுத்தபோது 'இ' வந்த இடமெல்லாம் பிரிப்பு என்று எண்ணி அது வெட்டியிருக்கிறது. இந்திரன் என்றால் தலையில்லாமல் நிற்பது கண்ணில் படும். இராசேந்திரன் ராசேந்திரனாக நின்றால் யாருக்குத் தெரியும்? எத்தனை தகப்பன்மாரின் பெயரை அப்படிச் சான்றிதழில் அடித்துக் கொடுத்தேனோ. கடைசி நெடுவரிசையில் 'இலங்கை' என்று வரவேண்டிய ஒவ்வொரு வரியும் உடைந்திருந்தது.

உரைக்கோப்பில் கமாக்கள் அப்படியே இருக்கின்றன. எந்த நிரலுக்கும் அவற்றைப் பிரித்தறியத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை வகுப்பு முடிந்த பின், ஒரு வரியாக ஒரு வரியாகப் போகிறோம். மகள் வாசிக்கிறாள், நான் தட்டுகிறேன். நேற்று 64ஆவது வரி.

"பேர். கமா. அப்பான்ரை பேர் 'இ'யிலை தொடங்குது. பிறகு ரெண்டு கமா, அப்பா."

"முதலாவது பிரிப்பு. மற்றது 'இ'."

"இலங்கை," என்றாள். தட்டினேன்.